ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பவர்கள்

1891-ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. பார்க்கப் போனவர்களில் 18 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது. படித்தவர்களும் உத்தியோகம் பார்ப்பவர்களும் கூச்சமில்லாமல் வேஷம் கட்டி ஆடியதைக் கண்டதும் மனசு மாறிவிட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சபையைத் தொடங்கினார். அது சுகுண விலாச சபை; அந்த மாணவர் பம்மல் சம்பந்த முதலியார். பிற்பாடு வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே 90-க்கு மேற்பட்ட நாடகங்களை எழுதி, நண்பர்களுக்குப் பயிற்றுவித்து, தானும் நடித்து, தமிழ் நாடகத்தின் தந்தை என்று பெயரெடுத்தார்.

அவரை அழைத்து இந்த வேலையைச் செய் என்று சொன்னவர் யாருமில்லை. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பொறியாளர் தேவை, கணக்கர் தேவை என்று விளம்பரம் வருகிறது. நாடக இயக்குநர் தேவை என்று வருவதில்லை. மதுரையிலோ விழுப்புரத்திலோ கல்லூரிக் கலைவிழாவில் ஒரு நாடகம் போட்டுக் கைதட்டல் வாங்கிய 22 வயதுப் பெண், இனி இதுதான் என் வாழ்க்கை என்று தீர்மானித்தால் மறுநாள் காலையில் எந்த வாசலில் போய் நிற்பாள்?

இந்தத் தொழிலில் நிலைத்து நின்றவர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. நல்ல பிரதி, நல்ல அரங்கம், பணம், விருது எல்லாம் பின்னால் வந்தவை. முதலில் அவர்கள் தேடியது ஆட்களை. சம்பளம் நிச்சயமில்லை என்று தெரிந்தும் மாலை ஆறு மணிக்கு ஒத்திகைக்கு வந்து நிற்கும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, அவர்கள் கலைந்துபோகாமல் வருஷக்கணக்காகக் காப்பாற்றத் தெரிந்தவர்களே இயக்குநர்களாக ஆகியிருக்கிறார்கள்.

நாடக இயக்குநர் என்று தனியாக ஓர் ஆள் வந்ததே பிந்தைய காலத்தில்தான். பழைய நாடகக் கம்பெனிகளில் அந்தச் சுமை வாத்தியார் தலையில் இருந்தது. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் கதை எழுதுவார், பாட்டுக் கட்டுவார், பையன்களுக்கு வசனமும் ராகமும் சொல்லிக்கொடுத்து மேடையேற்றுவார். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகப் போய்ச் சேர்ந்தது அந்தச் சபையில்தான். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மைனிங்கன் என்ற சிறு ஜெர்மன் நாட்டின் கோமகன், கூட்டக் காட்சியில் நிற்கும் கடைசி ஆள் வரைக்கும் திட்டமிட்டுப் பழக்கி ஒரு குழுவை ஊர் ஊராக அனுப்பினார். 1890-இல் அது மாஸ்கோவுக்குப் போனபோது 27 வயது ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பார்த்து மலைத்துப்போனார். எட்டு ஆண்டு கழித்து அவர் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கினார்.

இந்த ஆள் அப்படி என்னதான் செய்கிறார் என்று நாடகம் பார்க்கப் போகிறவர்கள் கேட்பதுண்டு. எந்த நாடகத்தை எடுப்பது, அதில் எதை வெட்டுவது, இன்றைக்கு இதை ஏன் போடுகிறோம் என்பதில் தொடங்கி, யாருக்கு எந்த வேஷம், எங்கே நிற்பது, எப்போது பேசாமல் இருப்பது, விளக்கு எப்போது மங்குவது என்பது வரைக்கும் முடிவுகள் அவருடையவை. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட அவர் கையால் செய்துகாட்ட முடியாது. நடிகரின் உடம்பு, பாடகரின் குரல், விளக்குக்காரரின் விரல் என்று எல்லாம் அடுத்தவருடையவை. நாடகம் தொடங்கிவிட்டால் கடைசி வரிசையில் போய் உட்காருவதைத் தவிர இயக்குநருக்கு வேலை கிடையாது. மூன்று மாத ஒத்திகையில் மற்றவர்களுக்குள் எது போய்ச் சேர்ந்ததோ அதுதான் மேடையில் நிற்கும்.

இதைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் உண்டா? உண்டு. தில்லியில் 1959-இல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளிதான் இன்றளவும் இந்தியாவில் பெரிய பெயர். 1962-இல் இப்ராஹிம் அல்காஜி அதற்குத் தலைவராக வந்தார். லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் படித்துத் திரும்பி, பம்பாயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியை அரங்கமாக்கி நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். தில்லிக்கு வந்ததும் ஃபெரோஸ் ஷா கோட்லா கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவில் ‘அந்தா யுக்’ நாடகத்தை நடத்தினார். 15 ஆண்டுகள் பொறுப்பில் இருந்து, மேடை கூட்டுவதிலிருந்து ஓவியம் பார்க்கப் பழகுவது வரை மாணவர்களைக் கண்டிப்போடு வளர்த்தார். நாங்குநேரியில் பிறந்த சே. ராமானுஜம் அந்தப் பள்ளியில் பயின்று வந்து கேரளத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஒரு தலைமுறைக்கே நாடகம் சொல்லிக்கொடுத்தார். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்க கால இயக்குநர். திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது.

பள்ளியில் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்பதற்காக ஒதுங்கிவிட வேண்டியதில்லை என்பதற்கு மணிப்பூரின் ஹெய்ஸ்னம் கன்ஹையாலாலைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. 1960-களின் இறுதியில் தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்த அவருக்கு வகுப்பில் புழங்கிய இந்தியும் ஆங்கிலமும் பிடிபடவில்லை. படிப்பைத் தொடர முடியாமல் ஊருக்குத் திரும்பி, 1969-இல் இம்பாலில் கலாக்ஷேத்ரா மணிப்பூர் என்ற குழுவைத் தொடங்கினார். எந்த மொழி தன்னை வெளியே தள்ளியதோ அந்த மொழியை மேடையில் ஓரங்கட்டினார். மூச்சும் உடம்பும் முனகலும் பாட்டுமாக ஒரு நாடக முறையை, மனைவி சாபித்ரியோடும் சில நடிகர்களோடும் சேர்ந்து உருவாக்கினார். 1975-இல் வந்த ‘பெபெத்’ ஒரு சின்னஞ்சிறு பறவையைப் பற்றிய நாட்டார் கதை. 1978-இல் மணிப்பூர்ப் பெண்களின் போராட்ட வரலாற்றைச் சொல்லும் ‘நூபி லான்’ நாடகத்துக்கு அவர் நடிகைகளைத் தேடிப் போன இடம் இம்பால் சந்தை. அங்கே கடை போட்டு உட்கார்ந்திருந்த பெண்களே நடித்தார்கள். மொழி தெரியாததால் தில்லியில் கூனிக் குறுகி நின்ற எந்தத் தமிழ் இளைஞருக்கும் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் நவீன நாடகத்தின் ஒரு தலைமுறை பட்டறைகளில் உருவாயிற்று. 1977-இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் ஒத்துழைப்போடு நடந்த பயிற்சிப் பட்டறை பலருக்குத் திருப்பம். அதில் கலந்துகொண்ட மு. ராமசுவாமி அடுத்த ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1978-இல் சென்னையில் ஞாநி பரீக்‌ஷா குழுவை ஆரம்பித்தார். 1980-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வங்காளத்திலிருந்து பாதல் சர்க்கார் வந்து ஒரு பட்டறை நடத்தினார். பொறியாளராக வேலை பார்த்தவர். மேடை, திரை, விளக்கு எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கல்கத்தாவின் கர்சன் பூங்காவில் நாடகம் நடத்தி, முடிந்ததும் துணியை விரித்துப் பிடித்துப் பார்வையாளர் போட்டதை வாங்கிக்கொண்டவர். செலவே இல்லாமல் நாடகம் போடலாம் என்ற துணிச்சல் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு அந்தப் பட்டறையிலிருந்து தொற்றியது. 1984-இல் தொடங்கி வீதி நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோன பிரளயனின் சென்னைக் கலைக் குழுவும் அந்தக் காலத்துக் காற்றில் முளைத்ததுதான்.

பிரிட்டனில் இதற்கென்றே ஏணி ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பணம் போட, ஊர் அரங்கங்களில் இளம் இயக்குநர்களைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு வைக்கும் திட்டம் வந்தது. பிற்காலத்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை நடத்திய டிரெவர் நன்னும், திரைப்பட இயக்குநர் கென் லோச்சும் அப்படிப் பயிற்சி பெற்றவர்கள். உதவி இயக்குநராக நாலைந்து ஆண்டு, பிறகு சின்ன அரங்கில் சொந்த நாடகம், பிறகு பெரிய அரங்கு என்று அங்கே ஒரு பாதை தெரிகிறது. நம் ஊரில் உதவி இயக்குநர் என்றால் சினிமாவில்தான். நாடகத்தில் பின்மேடைப் பொருள் எடுத்துவைப்பதும், ஒத்திகைக்கு வராத நடிகருக்குப் பதிலாக வசனம் படிப்பதும், தேநீர் வாங்கி வருவதும், விளம்பரத் தாள் ஒட்டுவதும் சேர்ந்ததே அந்தப் பயிற்சி. அதைச் சிறுமையாக நினைக்காமல் இரண்டு வருஷம் செய்தவருக்குத் தெரியும் விஷயங்கள் நேரே இயக்க வந்தவருக்குத் தெரிவதில்லை.

முதல் நாள் ஒத்திகை இளம் இயக்குநருக்குப் பெரிய கண்டம். பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் புரூக்குக்கே அப்படித்தான் இருந்தது. 1946-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தை இயக்க அவரை அழைத்தபோது வயது 21. முந்தின இரவு அட்டையில் மேடை மாதிரி செய்து, ஒவ்வொரு நடிகருக்கும் ஓர் அட்டைத் துண்டு வெட்டி, யார் எப்போது எங்கே நகர்வது என்று எழுதித் தீர்த்து, தடித்த குறிப்பேட்டோடு ஒத்திகைக்குப் போனார். ஒவ்வொருவரையும் சொன்னபடி நிறுத்தினார். அவர்கள் நகரத் தொடங்கியதும் எல்லாம் கோணலாகிவிட்டது. ஒருவர் வேகமாக வந்தார், ஒருவர் இழுத்து இழுத்து நடந்தார், நினைத்த இடத்தில் யாரும் வந்து சேரவில்லை. அட்டைத் துண்டுகளுக்கு உயிர் இல்லை. எதிரே நிற்பவர்களுக்கு இருந்தது. அந்த இடத்தில் குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் திரும்பப் பழகச் சொல்வதா, ஏட்டை வைத்துவிட்டு அவர்களோடு போவதா என்று அவர் ஒரு கணம் தடுமாறினார். ஏட்டை விட்டுவிட்டு நடிகர்களுக்கு நடுவில் போய் நின்றார். அதற்குப் பிறகு எழுதிவைத்த திட்டத்தோடு ஒத்திகைக்குப் போனதேயில்லை என்று ‘தி எம்ப்டி ஸ்பேஸ்’ நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

புரூக்குக்கு ஒரே நாளில் கிடைத்தது ஹபீப் தன்வீருக்குக் கிடைக்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின. அவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இளம் இயக்குநர்களுக்கு அதைவிடப் பயனுள்ள வரலாறு இந்திய நாடகத்தில் அரிது.

1923-இல் ராய்ப்பூரில் பிறந்த தன்வீர், 1954-இல் தில்லியில் ‘ஆக்ரா பஜார்’ நாடகத்தை அரங்கேற்றினார். உருதுக் கவி நசீர் அக்பராபாதியைப் பற்றியது. ஜாமியா மில்லியா மாணவர்களோடு ஓக்லா கிராமத்து மக்களையும் மேடையில் ஏற்றி, ஒரு சந்தையையே உருவாக்கிக் காட்டினார். பெயர் கிடைத்தது. அடுத்த ஆண்டு லண்டனுக்குப் போய் ராடாவிலும், பிறகு பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியிலும் படித்தார். 1956-இல் பெர்லின் போனபோது ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய குழுவின் நாடகங்களைப் பார்த்தபடி மாதக்கணக்கில் அங்கே தங்கினார். ஊர் திரும்பியதும் சத்தீஸ்கரின் நாச்சா கூத்துக் கலைஞர்கள் ஆறு பேரைத் தில்லிக்கு அழைத்து வந்து, ‘மிருச்சகடிகம்’ என்ற சமஸ்கிருத நாடகத்தைப் போட்டார். 1959-இல் மனைவி மோனிகா மிஸ்ராவோடு ‘நயா தியேட்டர்’ தொடங்கினார்.

ஆட்கள் அபாரமானவர்கள். ஊரில் இரவு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களைச் சிரிக்கவைப்பவர்கள். தன்வீரின் மேடையில் மட்டும் அவர்கள் விறைத்துப் போனார்கள். காரணம் விளங்காமல் ஆண்டுகள் கழிந்தன. 1973-இல் ராய்ப்பூரில் நாச்சா கலைஞர்களோடு நடத்திய பட்டறையில்தான் அவருக்குப் பிடிபட்டது. எழுதப் படிக்கத் தெரியாத கலைஞர்களை இந்தியில் பேசச் சொல்லியிருக்கிறார். வலப்பக்கம் இத்தனை அடி, இடப்பக்கம் இத்தனை அடி என்று லண்டனில் படித்தபடி நகரச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் விட்டார். அவர்கள் பேச்சு சத்தீஸ்கரி. அந்தப் பேச்சிலேயே பேசட்டும். கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து நடித்துப் பழகியவர்கள், அப்படியே நடிக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து ‘சரண்தாஸ் சோர்’ வந்தது. பொய் சொல்வதில்லை என்று விளையாட்டாகச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றி உயிரை விடும் ஒரு திருடனின் கதை. 1982-இல் எடின்பரோ விழாவில் ‘ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட்’ விருது பெற்றது. அந்த நடிகர்கள்தாம் இந்த 15 ஆண்டும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர் குழுவைக் கலைத்துவிட்டு நாடகத்துக்கு நாடகம் புது ஆட்களைத் தேடியிருந்தால் தன் தவறு என்ன என்று அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

குழுவைக் கட்டுவதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டார்கள். தேசிய நாடகப் பள்ளியில் படித்து முடித்த ரத்தன் தியாம் 1976-இல் இம்பாலுக்குத் திரும்பி கோரஸ் ரெப்பர்டரி தியேட்டரைத் தொடங்கினார். ஊருக்கு வெளியே நிலம் பிடித்து, நடிகர்கள் அங்கேயே தங்கி, காய்கறி பயிரிட்டு, மீன் வளர்த்து, தச்சு வேலையும் தையல் வேலையும் தாங்களே செய்து வாழ்ந்தார்கள். 1984-இல் வந்த அவர்களுடைய ‘சக்ரவ்யூஹ’ உலகத்தைச் சுற்றியது. கர்நாடகத்தில் ஷிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு கிராமத்தில் பாக்குத் தோட்டக்காரரான கே.வி. சுப்பண்ணா 1949-இல் தொடங்கிய நீநாசம் இன்னொரு வழி காட்டியது. 1980-இல் கன்னடத்திலேயே நாடகம் கற்பிக்கும் பள்ளியை அங்கே திறந்தார்கள். படித்து முடித்தவர்களுக்கு வேலை வேண்டுமே என்று 1985-இல் ‘திருகாட்ட’ என்ற ஊர் சுற்றும் நாடகக் குழுவை உண்டாக்கினார்கள். ஆண்டுதோறும் அந்தக் குழு சில நாடகங்களைத் தயாரித்துக்கொண்டு மாநிலம் முழுவதும் ஊர் ஊராகப் போகிறது. புது இயக்குநர் ஒருவரின் நாடகம் ஒரே பருவத்தில் பல பத்து ஊர்களின் கண்ணில் படுகிறது. 1989-இல் கர்நாடக அரசு மைசூரில் ரங்காயணாவைத் தொடங்கி, பி.வி. காரந்தைத் தலைமைக்கு வைத்து, நடிகர்களுக்குச் சம்பளமும் கொடுத்தது. அப்படியொரு நிறுவனம் தமிழ்நாட்டுக்கு வாய்க்காதது நம் இளம் இயக்குநர்களுக்குப் பெரிய இழப்பு. இதை அரசிடம் கேட்பதில் தயக்கமே தேவையில்லை.

தமிழில் அந்தக் குறையைத் தன் தோளில் தாங்கியது கூத்துப்பட்டறை. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி அடிப்படையில் சிறுகதைக்காரர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்ததும், இந்த மண்ணில் இப்படி ஒரு நடிப்பு இருக்கும்போது எதைத் தேடி எங்கே போகிறோம் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1977-இல் கூத்துப்பட்டறை பிறந்தது. 1980-களின் இறுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி கிடைத்த பிறகு முழுநேர நடிகர்களை வைத்துக்கொண்டு தினமும் பயிற்சி நடத்த முடிந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அங்கே பழகியவர்களை இன்று ஊரே அறியும். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர்.

நடிகர்கள் சினிமாவுக்குப் போய்விடுகிறார்களே என்ற வருத்தம் எல்லா நாடக இயக்குநரிடமும் உண்டு. வருத்தம் நியாயமானது. மூன்று வருஷம் வளர்த்த நடிகர் அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது படப்பிடிப்புக்குக் கிளம்பினால் வயிறு எரியாதா? ஆனால் குடும்பம் நடத்த வேண்டியவரை மாதச் சம்பளமில்லாமல் நிறுத்திவைக்க எந்த இயக்குநருக்கும் உரிமை கிடையாது. இதைப் புரிந்துகொண்ட குழுக்களில் ஒவ்வொரு வேஷத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்கிறார்கள். போனவர் திரும்பி வந்தால் இடமும் வைத்திருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது படிப்பவர்களை ஏமாற்றுவதாகும். தமிழ் நவீன நாடகத்தில் இயக்குவதை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் மிகச் சிலர். பம்மல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு வந்து ஒத்திகை நடத்தினார். மு. ராமசுவாமி பல்கலைக்கழகப் பேராசிரியர், ஞாநி பத்திரிகையாளர், அ. மங்கை ஆங்கிலப் பேராசிரியர். பகலில் ஒரு வேலை, மாலையில் நாடகம் என்பதே நம் ஊரில் நடைமுறை. அதில் கேவலம் எதுவுமில்லை. பல நல்ல நாடகங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன.

அரசு உதவிகள் இருக்கின்றன. தெரியாமலே பலர் வயதைக் கடந்துவிடுகிறார்கள். மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது. 25-க்கு மேல் 40 வரை உள்ளவர்களுக்கு இளநிலை ஆய்வு நல்கை மாதம் 10,000 ரூபாய், அதுவும் இரண்டு ஆண்டு. பதிவு பெற்ற குழுக்களுக்கு ரெப்பர்டரி மானியம் என்ற பெயரில், குழுவை நடத்தும் குருவுக்கு மாதம் 15,000, நடிகர்களுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் வரை கிடைக்கிறது. இந்த மானியத்துக்குக் குழுவைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். ஆண்டுக் கணக்குத் தணிக்கை செய்திருக்க வேண்டும். போட்ட நாடகங்களின் அழைப்பிதழ், படம், பத்திரிகை விமர்சனம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். முதல் நாடகத்திலிருந்தே ஒரு கோப்பு போட்டு வைப்பவருக்கு ஐந்தாவது ஆண்டில் அது கைகொடுக்கும். சங்கீத நாடக அகாதெமி 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உஸ்தாத் பிஸ்மில்லா கான் இளைஞர் விருது வழங்குகிறது. பெங்களூரில் இருக்கும் இந்தியக் கலை அறக்கட்டளை தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் புதிய முயற்சிகளுக்கு நல்கை தந்திருக்கிறது.

இடம் பிடிப்பது அடுத்த தலைவலி. பெங்களூரில் சங்கர் நாகின் நினைவாக 2004-இல் திறக்கப்பட்ட ரங்க சங்கராவோ, மும்பை ஜூஹூவில் 1978-இல் வந்த பிருத்வி தியேட்டரோ போல, குறைந்த வாடகைக்கு, வாரம் முழுக்க நாடகமே நடக்கும் அரங்கம் தமிழ்நாட்டு நகரங்களில் இல்லை. அதனால் நம் இயக்குநர்கள் பள்ளி மைதானம், கல்யாண மண்டபத்துப் பின்கட்டு, கடற்கரை, மொட்டைமாடி என்று கிடைத்த இடத்தில் எல்லாம் போட்டார்கள். ஒரு காலத்தில் இதிலும் சட்டம் குறுக்கே நின்றது. 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி அரங்கேற்றத்துக்கு முன்பே பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து ஞாநி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2013 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்று நாடகம் போடக் கிளம்பும் இளைஞர் காவல் நிலையத்தில் பிரதியோடு காத்திருக்க வேண்டியதில்லை என்றால், ஒரு நாடகக்காரர் வழக்காடியதே காரணம்.

பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் கரடு. ஒத்திகை இரவில் முடிகிறது, கடைசிப் பேருந்து போய்விடுகிறது, வீட்டில் கேள்வி வருகிறது. பெண் சொல்லை நடிகர்கள் எளிதில் கேட்பதில்லை. ஆனால் வரலாறு அவர்கள் பக்கம் இருக்கிறது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தி, அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து கூட்டம் ரயிலேறி வந்த காலம் ஒன்று இருந்தது. நம் காலத்தில் அ. மங்கை பெண்களின் பார்வையிலிருந்து பழந்தமிழ்க் கதைகளைத் திரும்பச் சொல்லும் நாடகங்களையும், திருநங்கைகளோடு சேர்ந்த நாடகங்களையும் செய்திருக்கிறார். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘ஔவை’ அவர் இயக்கத்தில் மேடையேறியது. பிரசன்னா ராமசாமி சென்னையில் இசையும் கவிதையும் அரசியலும் கலந்த அரங்கை விடாமல் நடத்தி வருகிறார். மும்பையில் தொடங்கிய ஆதிசக்தியைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து ஆரோவில் அருகே நிலைநிறுத்திய வீணாபாணி சாவ்லா, ஒரு நாடகத்துக்கு ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டு கூடியாட்டத்தையும் களரியையும் நடிகர்களின் உடம்பில் ஏற்றினார். இன்றைய இளம் இயக்குநர், ஆணோ பெண்ணோ, ஒத்திகை அறையில் யாரும் யாரையும் தொல்லை செய்ய முடியாது என்ற ஏற்பாட்டை எழுத்தில் செய்துவிட்டே முதல் நாளைத் தொடங்க வேண்டும். குருபக்தி என்ற பெயரில் இளையவர்கள் வாயை மூடிக்கொள்ளும் குழு நீடிக்கவும் கூடாது.

முதல் நாடகத்துக்கு நண்பர்களும் உறவுக்காரர்களும் வந்துவிடுவார்கள். மூன்றாவது நாடகத்துக்கு யார் வருவார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்தவர்களே பிழைத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் தன் பார்வையாளர்களைப் பள்ளிக்கூடங்களில் கண்டுபிடித்தார். அவருடைய ஆழி குழந்தைகள் நாடகக் குழுவின் ‘கடல் பூதம்’ எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளைக் கூச்சலிட்டுச் சிரிக்க வைத்திருக்கிறது. அதற்குத் திரையும் விளக்கும் தேவைப்படவில்லை. வேப்பமரத்து நிழல் போதும். யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் 1985-இல் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை இளைஞர் க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்தார். பல்கலைக்கழக மாணவர்கள் போருக்கு நடுவில் அதை ஊர் ஊராக எடுத்துப்போனார்கள். சென்னையில் 1999-இல் மேஜிக் லாண்டர்ன் குழு, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைத் திறந்தவெளியில் நாடகமாக்கியது. பிரவீன் இயக்கத்தில், நாவலைப் படித்த குடும்பங்கள் தாத்தா பாட்டியோடு வந்து பார்த்தன. அதற்கு நாடக வடிவம் கொடுத்தவர் கூத்துப்பட்டறையில் பழகிய இளங்கோ குமரவேல். 2022-இல் மணிரத்னம் அதே நாவலைப் படமாக்கியபோது திரைக்கதையில் அவருடைய பெயரும் இருந்தது.

இலங்கையில் 1965-இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘இராவணேசன்’ என்ற வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. நான்கு ஆண்டு கழித்து அதே கூத்து ஆட்டத்தை வைத்து ‘சங்காரம்’ என்ற சமூக நாடகத்தைத் தானே இயக்கினார். பிற்பாடு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வளர்த்தெடுத்தபோது, தான் ஆடிய ‘இராவணேச’னைத் திருத்தி எழுதித் தன் மாணவர்களுக்குப் பழக்கினார். அந்த மாணவர்களில் பலர் இன்று பள்ளிகளில் நாடக ஆசிரியர்களாக இருந்துகொண்டு சொந்தக் குழுக்களை நடத்துகிறார்கள்.